அன்னாவின் சிறிய மேலாடை

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால், நல்லம்பள்ளி வட்டாரத்துப் பங்கு இல்லங்களுக்கு வரும் தபாலில் ஒருவகைத் துண்டறிக்கை தவறாமல் இருக்கும். முகப்பில் ஒரு குழந்தையின் படம், அக்குழந்தை சிரிப்பதில்லை. உள்ளே முதல் பத்தியில் கண்ணீர், இரண்டாம் பத்தியில் நிறுவனரின் தியாகம், மூன்றாம் பத்தியில் பிள்ளைகளின் எண்ணிக்கை, முடிவில் வங்கிக் கணக்கு எண். கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லங்களின் நன்கொடை வேண்டுகோள்கள் இவை. கவிதையையும் நாவலையும் திறனாய்வு செய்யும் நாம் இவ்வெழுத்தைத் திறனாய்வு செய்வதில்லை. ஆயினும் நம் மக்கள் நாவல்களைவிட இவற்றையே மிகுதியாக வாசிக்கிறார்கள். வாசித்துப் பணமும் அனுப்புகிறார்கள். ஓர் இல்லம் தன் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அதன் கட்டடத்தைவிட அதன் எழுத்தே நல்ல சாட்சி. ஆகவே இதையும் ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

இவ்வகை எழுத்தின் மூலச்சொல் 'அநாதை'. நாதன் இல்லாதவர் என்பது அதன் பொருள். ஆண்டவரைத் தந்தை என்று அழைக்கக் கற்பிக்கும் ஒரு சமயம், ஒரு குழந்தையை நாதனற்றது என்று அச்சிட்டு விற்பது முதல் முரண். இரண்டாவது, அச்சொல் பெரும்பாலும் உண்மையும் அன்று. நம் பகுதி இல்லங்களில் நான் கண்ட பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ இருந்தார்கள். மானாவாரி நிலம் பொய்த்துப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு இல்லாதது பாசமன்று. பிள்ளையை உடன் வைத்துக்கொள்ளும் வசதி. மூன்றாவது, இவ்வெழுத்தில் பிள்ளைகளின் தொகை வெற்றியின் அளவாகக் காட்டப்படுகிறது. சென்ற ஆண்டு நாற்பது, இவ்வாண்டு எழுபது என்று மகிழ்கிறோம். முப்பது குடும்பங்கள் பிரிந்ததைக் கொண்டாடுகிறோம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

பிறரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. குருத்துவம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் ஓர் இல்லத்தின் பொறுப்பு சிறிது காலம் என்னிடம் இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நானும் ஒரு வேண்டுகோள் எழுதினேன். படம் எடுக்கும்போது ஒரு சிறுவனிடம் புதுச் சட்டையைக் கழற்றிப் பழையதை அணியச் சொன்னேன். அச்சாகி வந்த தாளில் ஒன்று, மகனைப் பார்க்க வந்த அவனுடைய தாயின் கைக்கு எப்படியோ போய்விட்டது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சாமி, இதுல அப்பா அம்மா இல்லாத புள்ளைனு போட்டிருக்கு. நான் உசுரோடதான இருக்கேன்?" ஏழாண்டு இறையியல், மெய்யியல் படிப்பில் அக்கேள்விக்கு விடை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வேண்டுகோள் இல்லாமல் ஓர் இல்லம் நடக்குமா என்று கேட்கலாம். நெல்லைச் சீமையின் டோனாவூரில் 1901-இல் தொடங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் பணி, பணம் கேட்டு வேண்டுகோள் விடுப்பதில்லை என்னும் கொள்கையில் நின்றது. நாம் சார்ந்த திருச்சபை அன்று. ஆயினும் நாம் கற்க வேண்டிய கட்டுப்பாடு. அதேவேளையில் அவரே 1909-இல் வெளியிட்ட நூலில் அக்குழந்தைகளின் படங்கள் நிறைய இடம்பெற்றன. அக்காலத்தில் அது தவறாகத் தோன்றவில்லை. இன்றோ, 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. நல்லெண்ணம் உள்ளவர்களும் காலத்தோடு கற்க வேண்டியவை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

இவ்வேண்டுகோள்களுக்கு எதிரே வேறொரு பனுவலை வைத்துப் பார்ப்போம். சாமுவேல் முதல் நூலின் முதல் மூன்று அதிகாரங்கள், ஒரு சமய இல்லத்தில் விடப்பட்ட குழந்தையின் கதை. ஆசிரியர் அக்குழந்தையின் தாயை மறைப்பதில்லை. அன்னா ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலாடை செய்து சீலோவுக்குக் கொண்டுவருகிறார். பிள்ளை ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்கிட்டுத் துணி வெட்டிய தாயின் கை அவ்வொரு வரியில் தெரிகிறது. எந்த இல்லத்திலும் தாய்க்கு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த விதியை நான் வாசித்ததில்லை.

அக்கதையின் மறுபக்கம் ஏலி. அவர் கெட்டவர் அல்லர், முதியவர், இரக்கமுள்ளவர். ஆனால் அவருடைய புதல்வர்கள் தூய இடத்திலேயே பலிப்பொருளைப் பறித்தார்கள். அங்குப் பணி செய்த பெண்களுக்குத் தீங்கிழைத்தார்கள். மக்கள் சொல்லி ஏலிக்கு எல்லாம் தெரியும். அவர் கண்டித்தார், தடுத்து நிறுத்தவில்லை. இறைத்தீர்ப்பு அவர்மேல் வந்தது அதனால்தான். நம் நிறுவனங்களில் நேர்ந்த தவறுகள் பலவற்றின் வரலாறு இதுவே: தெரிந்திருந்தது, அறிவுரை சொல்லப்பட்டது, ஆள் அதே இடத்தில் இருந்தார்.

எனினும் ஏலியிடம் ஒரு பெருமை மிஞ்சியிருக்கிறது. இரவில் மும்முறை ஓடிவந்த சிறுவனை அவர் அதட்டவில்லை. மூன்றாம் முறை, அவன் கேட்டது உண்மையான குரல் என்று உணர்ந்தார். காலையில் சொல்ல அஞ்சி நின்றவனிடம் ஒன்றையும் ஒளிக்காதே என்று வற்புறுத்தினார். சிறுவன் சொன்னது ஏலிக்கே எதிரான செய்தி. அவர் அதை ஏற்றுக்கொண்டார். தன் பொறுப்பாளரைப் பற்றியே பொறுப்பாளரிடம் அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை இருக்கும் இல்லமே பாதுகாப்பான இல்லம்.

இதை இன்றைய சட்டம் தன் வறண்ட மொழியில் சொல்கிறது. மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றி எழுந்த முறையீட்டை 2007-இல் உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. பத்தாண்டுகளுக்குப்பின், 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுரும் தீபக் குப்தாவும் தீர்ப்பளித்தனர். எல்லா இல்லங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். இல்லங்களில் சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்றனர். தமிழகத்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய தீர்ப்பு அது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளோ ஒரு குழந்தைக்குப் படுக்கையறையில் நாற்பது சதுர அடி, ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று அளவு கூறுகின்றன. பிள்ளைகளுக்கென ஒரு குழுவும், பணியாளர் கையில் சாவி இல்லாத ஓர் ஆலோசனைப் பெட்டியும் வேண்டும் என்கின்றன. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தம் கீழ் உள்ளவர் இழைத்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. ஏலியின் குற்றத்துக்கு மூவாயிரம் ஆண்டு கழித்து ஒரு சட்டப்பிரிவு கிடைத்திருக்கிறது.

இச்சட்டங்கள் நம்மை நெருக்கவே வந்தவை என்று சிலர் வருந்துகிறார்கள். அவ்வருத்தத்தில் ஒரு பகுதி நியாயமே. தாள்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் ஆய்வு உண்டு. ஆயத்தம் ஏதுமின்றிப் பிள்ளைகளை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவதும் ஒருவகைக் கைவிடுதலே. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் அருட்சகோதரியை எந்தப் படிவத்திலும் நிரப்ப இயலாது. ஆனால் அவரைக் காரணம் காட்டிக் கழிப்பறையை எண்ண மறுப்பது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அன்பு உள்ளவர்கள் கணக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. நல்ல சமாரியர்கூடச் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு நிற்கவில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்றார்.

மேலும், மிகச் சிறந்த இல்லமும் குடும்பத்துக்கு ஈடாகாது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஆய்வு செய்தனர். குடும்பத்துக்குச் சென்றவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் மிகுதியாகப் பயன்பெற்றனர். நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று நம் சட்டமும் சொல்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டில் உயிரைக் காத்தது. அது தேவையாகவும் இருந்தது. விடுதலைப் பயண நூலிலும் ஒரு தொட்டில் மிதக்கிறது. நாணல் நடுவே குழந்தையைக் கண்ட பார்வோனின் மகள் என்ன செய்தார்? பாலூட்ட ஒரு பெண்ணைத் தேடினார்; தமக்கையின் சமயோசிதத்தால் குழந்தை தன் சொந்தத் தாயின் மடிக்கே திரும்பியது, அதுவும் கூலியோடு. அறியாமலே அவர் ஒரு நல்ல திட்டத்தைத் தொடங்கினார். இன்று அரசின் வாத்சல்யா திட்டம், தகுதியுள்ள குழந்தை தன் குடும்பத்திலேயே வளர மாதம் நாலாயிரம் ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்திருக்கிறது. நம் பங்கில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த விண்ணப்பத்தை நிரப்ப ஒரு விதவைக்கு உதவுவது, துண்டறிக்கைக்குப் பணம் அனுப்புவதைவிடக் குறைந்த அறச்செயலா?

ஆகவே அடுத்த துண்டறிக்கை கைக்கு வரும்போது, வாசகரே, ஒரு திறனாய்வாளராக அதை வாசியுங்கள். இல்லத்தின் பதிவு எண் இருக்கிறதா? குழந்தையின் முகம் விற்கப்படுகிறதா? எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்றும் எழுதியிருக்கிறதா? தாய் எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்று எங்காவது இருக்கிறதா? இல்லையேல் கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்டபின் கொடுங்கள், கொடுத்தபின் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

அந்தத் தாய் அன்று என்மீது கோபப்படவில்லை. தாளை நான்காய் மடித்துக் கொடுத்துவிட்டு, மகனுக்கு வாங்கி வந்த சட்டையைப் பிரித்து அவன் தோளில் வைத்து அளவு பார்த்தார். கை சற்று நீளமாக இருந்தது. "வளர்ற புள்ள, சரியாயிடும்" என்றார். மீதமிருந்த வேண்டுகோள்களை நான் அனுப்பவில்லை.