தலைக்கு 50 டாலர்

கயோட்டி என்பது நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம் கொண்ட அமெரிக்க விலங்கு. அதைக் கொன்று ஆதாரம் காட்டினால் 50 டாலர் என்று யூட்டா மாநிலம் 2012-ல் அறிவித்தது. கயோட்டி மான்குட்டியைத் தின்னுது, அதைக் குறைச்சா மியூல் மான் பெருகும் என்பது கணக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் பக்கத்து ஐடஹோவில் 1997 முதல் 2003 வரை இதையே செய்து பார்த்துவிட்டார்கள். முடிவும் 2011-லேயே வெளிவந்துவிட்டது. கயோட்டிகளைக் கொன்றபோது, சில சூழ்நிலைகளில் மட்டும் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. மொத்த மான் எண்ணிக்கை ஏறவில்லை. கயோட்டியிடம் தப்பிய குட்டி பனிக்காலத்தையும் தாண்டணுமே!

அதுக்காக கயோட்டியால் பாதிப்பே இல்லைன்னும் சொல்ல முடியாது. குளிர் மிதமான தென் கரோலினாவின் சவன்னா ஆற்றுப் பகுதியில், வெள்ளைவால் மான்குட்டிகளின் சாவுக்கு முதல் காரணமே அதுதான். அங்கேயும் 2010 முதல் மூன்று வருஷம் கயோட்டிகளை ஒழித்துப் பார்த்தார்கள்; பலன் வருஷத்துக்கு வருஷம் மாறியது.

யூட்டா செத்த கயோட்டியை எண்ணிக் காசு தருகிறது. பனிக்காலம் முடிந்து எத்தனை குட்டி மிஞ்சுது என்பதற்கும் அந்தக் காசுக்கும் சம்பந்தமே இல்லை. என் ஆட்சேபம் அதுதான்.