வீட்டைவிட்டு வெளியே வந்த குடும்பம்

விக்டோரியா காலத்தின் கதை சொல்லும் கிராமத்து ஓவியங்களைப் பற்றி இரண்டு கருத்துகள் புழங்குகின்றன. ஒன்று பழையது. 1914இல் வந்த ‘ஆர்ட்’ நூலில் கலை விமர்சகர் கிளைவ் பெல், ஃப்ரித்தின் பாடிங்டன் ரயில் நிலைய ஓவியத்தை எடுத்துக்கொண்டு, இப்படிக் கதை சொல்லும் படம் கலையே ஆகாது என்று தீர்ப்பெழுதினார். மற்றது இன்று செல்லுபடியாவது: இவை இழந்துபோன கிராமத்தின் இனிய நினைவுகள், வாழ்த்து அட்டைக்கும் பிஸ்கட் டப்பாவுக்கும் ஏற்றவை. ஒன்று இகழ்ச்சி, மற்றது புகழ்ச்சி. ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பார்க்காமல் கடந்துபோக இரண்டுமே வழிசெய்து தருகின்றன. ஹூபர்ட் வான் ஹெர்கோமரின் ‘ஹார்ட் டைம்ஸ்’ (1885) இந்த இரண்டுக்குள்ளும் அடங்காது.

முன்கதை பலருக்கும் தெரிந்ததுதான். டேவிட் வில்கி டச்சு ஓவியர்களின் படங்களில் பாடம் கற்று ஸ்காட்லாந்துக் குடிசைக்குள் நுழைந்தார். 1815இல் அவர் வரைந்த ‘டிஸ்ட்ரெய்னிங் ஃபார் ரெண்ட்’ படத்தில் குத்தகை பாக்கிக்காக ஜப்தி செய்ய ஆட்கள் வந்திருக்கிறார்கள். குடியானவர் மேசையருகே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். வில்கிக்குப் பின் வந்த ஓவியர்கள் தங்கள் படங்களிலிருந்து ஜப்திக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1850களில் கென்ட் மாவட்டத்துக் கிரான்புரூக்கில் கூடிய எஃப்.டி. ஹார்டி, தாமஸ் வெப்ஸ்டர் முதலானோரின் கைத்திறனைக் குறைசொல்ல முடியாது. தரையின் செங்கலைக்கூட ஒவ்வொன்றாகத் தீட்டினார்கள். ஆனால் 1830இல் இதே கென்ட்டில்தான் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் வரைந்த அடுப்பங்கரைகளில் அந்தக் கலகத்தின் புகை வாசம்கூட இல்லை.

குடும்பத்தை வீட்டுக்கு வெளியே நிறுத்தியவர்களும் இருந்தார்கள். ரிச்சர்ட் ரெட்கிரேவின் 1858ஆம் ஆண்டுப் படத்தில், நாடு விட்டுப் போகும் குடும்பத்தின் தலைவர் ஊரைத் திரும்பிப் பார்த்துத் தொப்பியசைக்கிறார். தாமஸ் ஃபேடின் ‘தி லாஸ்ட் ஆஃப் தி கிளான்’ (1865) படத்தில், மற்றவர்கள் கப்பலேறிவிட, கரையில் எஞ்சிய கிழவர் தலைகுனிந்து குதிரைமேல் இருக்கிறார். இரண்டிலும் துயரம் உண்மையானது. ஆனால் இரண்டின் கதையிலும் கப்பல் இருக்கிறது. அழுதுமுடித்த பார்வையாளருக்குக் கடலுக்கு அப்பால் ஒரு நல்வாழ்வு மிச்சமிருக்கிறது.

1869இல் வில்லியம் லூசன் தாமஸ் தொடங்கிய ‘தி கிராஃபிக்’ வார இதழ்தான் இந்த மரபைப் புரட்டிப்போட்டது. அதன் முதல் இதழிலேயே லூக் ஃபில்ட்ஸ், ஒதுங்க இடமின்றித் தெருவில் வரிசையில் நின்றவர்களை வரைந்தார். ஃபிராங்க் ஹாலும் ஹெர்கோமரும் அதே பத்திரிகையில் உருவானவர்கள். அந்த மரச்செதுக்குப் படங்களை வான்கோ ஆசையாகச் சேகரித்தார். ஹெர்கோமரை மனமாரப் புகழ்ந்தார்.

ஹெர்கோமர் வேர் பிடுங்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. 1849இல் பவேரியாவில் பிறந்தவர். மரச்சிற்பியான தந்தை பிழைப்புத் தேடி அமெரிக்கா போய், அங்கும் சரிப்படாமல் 1857இல் சவுத்தாம்ப்டன் வந்து சேர்ந்தார். 1884இல் ஹெர்கோமர் வரைந்த ‘பிரஸ்ஸிங் டு தி வெஸ்ட்’, நியூயார்க்கில் வந்திறங்கிய குடியேறிகளின் நெரிசலைக் காட்டுவது. கடலின் மறுகரையில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் அடுத்த ஆண்டே கப்பல் இல்லாத ‘ஹார்ட் டைம்ஸ்’ படத்தை வரைந்தார்.

அப்போது இங்கிலாந்தில் தானிய விலையை அமெரிக்கக் கோதுமை சரித்திருந்தது; 1879இன் மழை அறுவடையைக் கெடுத்திருந்தது. வேலையற்ற கூலிகள் ஊர் ஊராக நடந்தார்கள். தாம் குடியிருந்த புஷி என்ற ஊரின் பாதையொன்றில் ஹெர்கோமர் ஒரு குடும்பத்தை நிறுத்துகிறார். கணவன் வேலிக்கதவில் சாய்ந்து வந்த திக்கையோ போகும் திக்கையோ பார்க்கிறான். மனைவி பாதையோரத்தில் துவண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் குழந்தை, மேலே சாய்ந்தபடி இன்னொரு பையன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வளைந்து செல்லும் பாதையில் ஒரு வீடும் நம்மை அழைக்கவில்லை.

தரையில் கிடக்கும் குந்தாலியையும் மண்வாரியையும் பாருங்கள். இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டுச் சட்டப்படி பிச்சையெடுத்துத் திரிவது அன்று குற்றமாக இருந்தது. இவனைப் பிச்சைக்காரனிடமிருந்து பிரித்துக்காட்டுவது அந்தக் கருவிகள்தாம். பசித்தபோதும் அவற்றை அவன் விற்கவில்லை. விற்றால் நாளை வேலை கிடைத்தாலும் செய்ய முடியாது. இந்தக் கணக்கை ஹெர்கோமர் படத்தின் முன்னிலையில் வைத்திருக்கிறார். இதை மிகையுணர்ச்சி என்பவர்கள் படத்தில் ஒரு கண்ணீர்த் துளியையாவது காட்ட வேண்டும்.

கடலோர ஊரான நியூலினில் கூடிய ஓவியர்கள் இந்தத் துணிவைத் தொடரவில்லை என்பதே என் வருத்தம். ஃபிராங்க் பிராம்லியின் ‘எ ஹோப்லெஸ் டான்’ (1888) ஒளியைக் கையாள்வதில் அபாரமான படம். கடலிலிருந்து கணவன் திரும்பாத வீட்டில் இளம்பெண் முதியவளின் மடியில் சாய்ந்திருக்கிறாள். ஆனால் குடும்பம் மறுபடி நான்கு சுவருக்குள் போய்விட்டது. காரணம் கடலாகவும் விதியாகவும் மாறிவிட்டது; கூலியும் விலையும் படத்தைவிட்டு நழுவிவிட்டன. ஹெர்கோமரும் 1891இல் ‘ஆன் ஸ்ட்ரைக்’ வரைந்ததைத் தவிர, பெரும்பாலும் செல்வந்தர்களின் உருவப்படங்களுக்கே போய்விட்டார். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பொறுக்காத பகுதி இதுதான்.

அதனால் 1885ஆம் ஆண்டுப் படம் சிறுத்துவிடாது. ராயல் அகாதமியில் வைக்கப்பட்ட அந்த ஆண்டிலேயே மான்செஸ்டர் மாநகராட்சி அதை வாங்கியது. இன்றும் அது அந்நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. விக்டோரியா காலக் கிராமத்தைப் பற்றி இனி எழுதுபவர்கள் கிரான்புரூக் அடுப்பங்கரையை விட்டு, புஷியின் அந்தப் பாதையிலிருந்து தொடங்க வேண்டும்.