நீலம் இலவசம்

சிவகாசிக்காரன் கண்முன்னே ஒரு பேன்சி வெடி விரிந்தால் அவன் முதலில் தேடுவது நீலத்தைத்தான். சிவப்பு யாருக்கும் வரும். ஸ்ட்ரான்சியம் உப்பு இருந்தால் போதும், மருந்துக் கலவை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் சிவப்பு சிவப்பாகவே வந்து நிற்கும். பச்சைக்கு பேரியம் இருந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்ததிலிருந்து பச்சையைப் பற்றி எங்கள் பக்கம் சிரித்துக்கொண்டு பேசுகிறவர்கள் குறைவு. நீலத்தின் கதையே வேறு. செம்பும் குளோரினும் சுவாலைக்குள் ஒன்றுசேர்ந்து தாக்குப்பிடிக்க வேண்டும். சூடு கூடினால் சேர்மம் சிதைந்து வெளிறிவிடும். குறைந்தால் நிறம் ராத்திரி வானத்திலேயே கரைந்துவிடும். சரியான நீலம் மேலே விரிந்தால் மொட்டைமாடியில் நிற்கும் பெரியவர்கள் 'ம்' என்பார்கள். அவ்வளவுதான் பாராட்டு. சிவப்புக்கு அந்த 'ம்' கிடைத்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கண்ணோடு வளர்ந்தவன்தான் மட்டக்களப்புக்குக் கப்பல் பார்க்கப் போனேன். மூழ்கிய கப்பல்.

"கரிசக்காட்டு ஆளுக்குக் கடலுக்குள்ள என்ன ஜோலி?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான். எங்களுக்கும் ஈரத்துக்கும் ஆகாது. மழை பொய்க்கும் ஊர் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே காலூன்றின. 'நமுத்துப் போச்சு' என்பதைவிடக் கேவலமான வார்த்தை பட்டாசுக்காரனுக்குக் கிடையாது. எண்பது வருஷத்துக்கு மேலாகத் தண்ணீரில் ஊறிக் கிடப்பதில் அழகு என்ன இருக்க முடியும் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது.

1942 ஏப்ரல் 9. பங்குனிக் கடைசி, எங்கள் பக்கம் அம்மன் கோயில் பொங்கலும் பொருட்காட்சியுமாக இருக்கும் காலம். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. பிறகு மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மிஸ் கப்பலைக் கண்டுபிடித்தன. விமானந்தாங்கி என்றே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அன்றைக்குப் பார்த்து அதன் தளத்தில் சண்டைக்குப் பறக்க ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்தக் கப்பலுக்குச் சிறப்புப் பயிற்சியும் கலவைக் காற்றும் இல்லாமல் இறங்கக்கூடாது. என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு வாய்த்தது அதே நாளில் அதே தாக்குதலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல். உடைந்து கிடக்கிறது, அடிமட்டம் 24 மீட்டர் அளவு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும்போது போகலாம்.

டைவரை அங்கே சுழியோடி என்கிறார்கள். நாம் முத்துக் குளிப்பது, சங்கு குளிப்பது என்று அதைக் குளியலாக்கி வைத்திருக்கிறோம், அவர்கள் ஓட்டமாக்கியிருக்கிறார்கள். நீருக்குள் பார்த்த பிறகு எனக்கு இரண்டுமே பொருந்தவில்லை. எங்களைக் கூட்டிப்போன சுழியோடி ஓடவே இல்லை. கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, கப்பலின் இரும்புக்கு ஒரு முழம் மேலே அப்படியே நின்றார். மூச்சை இழுத்தால் உடம்பு ஒரு சாண் எழும்புகிறது, விட்டால் இறங்குகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அவர் வேறெதையும் பயன்படுத்தவில்லை. படகிலேயே சொல்லியிருந்தார்: "அண்ணே, கீழ போனதும் கையக் கால ஆட்டாதீங்க. மூச்ச மட்டும் பாருங்க." பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் ஆவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் காற்று செலவாகும். பதறுகிறவனுக்கு சிலிண்டர் சீக்கிரம் காலி. தூத்துக்குடியில் முன்பு கல்லைப் பிடித்துக்கொண்டு ஒற்றை மூச்சில் இறங்கினவர்களை நினைத்துக்கொண்டேன்.

இறங்க இறங்க எல்லாம் நீலம். எங்கள் பேன்சி ரகக்காரர்கள் ஆயுளெல்லாம் தேடும் நீலம் அங்கே கொட்டிக் கிடக்கிறது, கேட்பாரில்லை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. என் மணிக்கட்டில் மாரியம்மன் கோயில் சிவப்புக் கயிறு. ஐந்து மீட்டரில் அது செங்கல் நிறம். பத்தைத் தாண்டியதும் பழைய காப்பிக் கறை. கப்பலை அடைந்தபோது கறுப்பு. கப்பலும் அப்படித்தான் தெரிந்தது: சாம்பல் நீலத்தில் ஒரு பெரிய சுவர், அதன் மடிப்புகளில் சாம்பல் கட்டிகள், நிழலில் அசையாமல் ஒரு கலவாய் மீன். இதற்கா இவ்வளவு தூரம் என்று தோன்றியது.

அதற்குள் எங்களோடு வந்த ஒருவர் துடுப்புக் காலை உதைத்துவிட்டார். அடியில் படிந்திருந்த சேறு கிளம்பிக் கப்பலையே மறைத்துவிட்டது. காற்றில்லாத ராத்திரியில் முதல் வெடியின் புகை கலையாமல் நின்று அடுத்த வெடியைக் கெடுக்குமே, அதே எரிச்சல். சுழியோடி உள்ளங்கையை விரித்து நிற்கச் சொன்னார். நின்றோம். நீரோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றை இழுத்துப்போயிற்று.

பிறகு அவர் தன் டார்ச்சைச் சுவரில் அடித்தார். வட்டமான வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் கப்பல் பற்றிக்கொண்டது. சாம்பல் கட்டி என்று நான் நினைத்ததெல்லாம் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு. பக்கத்தில் பவளத்தின் கொத்து, குங்குமத்தைக் குழைத்த சிவப்பு. டார்ச் நகர்ந்தால் சிவப்பும் கூடவே நகர்கிறது. விட்டுவந்த இடம் உடனே சாம்பலாகிவிடுகிறது. சத்தமில்லை, புகையில்லை. நடுவில் என் கையை வெளிச்சத்துக்குள் நீட்டினேன். கயிறு சுரீரென்று எரிந்தது.

வாயில் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல முடியாது. 'ம்' என்றேன்.