மெலியாத நீர்க்கோடு

படகின் பழைய அவுட்போர்டு எஞ்சின் சரியாகக் குளிர்கிறதா என்பதை அதிலிருந்து பீச்சும் மெல்லிய நீர்க்கோடே சொல்லிவிடும். கடல்நீரை உறிஞ்சி மேலே தள்ளுவது, அடிப்பாகத்தில் புரொப்பல்லருக்கு மேலே ஒளிந்திருக்கும் ரப்பர் இம்பெல்லர். கோடு மெலிந்தால் கைதேர்ந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடமாட்டார். நீர் வரும் துளைக்குள் கம்பியை விட்டுப் பார்ப்பார். பல நேரம் உப்பும் மணலும்தான் அடைத்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் அடிப்பாகத்தைக் கழற்றுவார். இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே விறைத்திருக்கும். ஓர் இதழ் முறிந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் ஓயமாட்டார்; விட்டால் அது மேலேறி நீர்வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்ப்பார். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீர்விட்டு எஞ்சினின் உப்பைக் கழுவுகிறவருக்கு இத்தனை வேலையும் அபூர்வமாகத்தான் வரும்.