ஒன்பதாவது அடியும் பத்தாவது அடியும்

அஸ்காட் மைதானம், 2023 ஜூலை 29. பன்னிரண்டு ஃபர்லாங் ஓடும் கிங் ஜார்ஜ் பந்தயத்தின் முடிவில் ஹுக்கும், வெஸ்ட்ஓவர் என்ற இரண்டு குதிரைகள் மட்டும் தனியாகப் பிரிந்து வந்து மல்லுக்கட்டின. அந்த ஆண்டு டெர்பி பந்தயத்தை ஜெயித்திருந்த ஆகஸ்ட் ரோடின் என்ற குதிரை எல்லோருக்கும் பின்னால், கடைசியில். கோட்டைத் தொடும்போது ஹுக்கும் முன்னே இருந்தது; வித்தியாசம் ஒரு தலை. அதன் ஜாக்கி ஜிம் கிரவுலி சவுக்கைப் பயன்படுத்தியது 9 முறை. விதி அனுமதிப்பது 6.

கிரவுலிக்கு 20 நாள் தடையும் 10,000 பவுண்டு அபராதமும் விதித்தார்கள். வெற்றி வெற்றியாகவே நின்றது. 7 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள முதல் பரிசும் குதிரைத் தரப்பிடமே இருந்தது. பிரிட்டனில் அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிப்படி, அனுமதித்த எண்ணிக்கையைவிட நான்கு அடி கூடினால்தான் குதிரை தகுதி இழக்கும். சமதளப் பந்தயத்தில் 6 என்றால் 10ஆவது அடியில். தடை தாண்டும் பந்தயத்தில் 7 என்றால் 11ஆவது அடியில். கிரவுலி இன்னும் ஒரே ஒரு முறை கையை ஓங்கியிருந்தால் ஹுக்குமின் பெயர் வெற்றியாளர் பட்டியலிலேயே இருந்திருக்காது.

ஒன்பதாவது அடிக்கும் பத்தாவது அடிக்கும் குதிரைக்கு என்ன வித்தியாசம்? இந்த விதியை எடைபோட நான் கையில் எடுப்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

விதியை எழுதியவர்கள் அலட்சியமாக எழுதிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையம் சமதளப் பந்தயத்துக்கு 7, தடை தாண்டும் பந்தயத்துக்கு 8 என்று வரம்பு வைத்து, கடைசி ஃபர்லாங்கில் ஐந்துக்கு மேல் கூடாது என்றும் சேர்த்தது. ஒரு வாரம் தாங்கவில்லை. அக்டோபர் 15 அன்று அஸ்காட்டில் சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தை சிரஸ் டெஸ் ஏகிள்ஸ் என்ற குதிரையில் ஜெயித்த கிறிஸ்டோஃப் சுமியோன், கடைசி ஃபர்லாங்கில் ஆறாவது முறை அடித்ததற்காக 50,000 பவுண்டுக்கு மேல் வரவேண்டிய தன் பங்கை இழக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கூச்சல் எழுந்தது. சில நாட்களிலேயே அந்த ஐந்தடிக் கட்டுப்பாடு போய்விட்டது. 2022இல் ஆணையத்தின் ஆய்வுக் குழு, ஊக்கத்துக்காகப் புறங்கைப் பிடியில் மட்டுமே சவுக்கை வீசலாம் என்று பரிந்துரைத்தது; ஜாக்கிகள் எதிர்த்தார்கள்; அதை விட்டுவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கை எப்படி அசைய வேண்டும் என்ற கேள்வி பின்னுக்குப் போய், எத்தனை முறை என்ற கணக்கு முன்னே வந்துவிடுகிறது.

கணக்கு வந்துவிட்டால் அது விலையாகவும் மாறும். இவ்வளவு கூடுதலாக அடித்தால் இவ்வளவு நாள் தடை என்பது ஒரு கட்டணப் பட்டியல். கிரவுலிக்கு அந்தக் கட்டணம் லேசானதில்லை: அதே ஆகஸ்டில் யார்க்கில் ஜட்மோன்ட் இன்டர்நேஷனல் பந்தயத்தை மொஸ்டாஹ்டாஃப் ஜெயித்தபோது, ஜூன் மாதம் ராயல் அஸ்காட்டில் அதே குதிரையில் ஜெயித்திருந்த கிரவுலி தடையில் வெளியே இருந்தார், மேலே உட்கார்ந்திருந்தவர் ஃப்ராங்கி டெட்டோரி. ஆனால் கட்டணம் கட்டியவர் ஜாக்கி. லாபம் பார்த்தது குதிரைச் சொந்தக்காரர். அடி வாங்கியது குதிரை. இந்த மூன்றும் மூன்று வேறு ஆட்களிடம் போய்ச் சேரும் ஒரு விதியை நியாயமான விதி என்று எப்படிச் சொல்வது?

குதிரைக்கும் தண்டனை போகட்டும் என்று தகுதியிழப்பை வைத்தார்கள். 2023 பிப்ரவரியில் ஏர் மைதானத்தில் ஒரு சின்னப் பந்தயத்தை ஜெயித்த லூனார் டிஸ்கவரி என்ற குதிரைதான் அதற்கு முதல் பலி. இங்கே இன்னொரு கோணல் உண்டு. சவுக்குக் குற்றத்தை விசாரிக்கும் குழு பந்தயம் முடிந்து சில நாள் கழித்தே கூடுகிறது. அதற்குள் பந்தயப் பணம் பட்டுவாடா ஆகிவிடும். இரண்டாவதாக வந்த குதிரைக்குப் பரிசு மாறும். அதன் மேல் பணம் கட்டியவருக்கு ஒரு பென்னியும் வராது. பந்தயக்காரனின் நம்பிக்கைக்காகத்தான் சவுக்கு வேண்டும் என்று வாதாடும் துறை இது என்பதை மறக்கக் கூடாது.

அந்த வாதத்தில் சாரம் உண்டு. கொஞ்சம் நின்று பார்க்கலாம். பணம் கட்டியவனுக்குத் தன் குதிரை முழு மூச்சாக ஓட்டப்பட்டது என்று கண்ணால் தெரிய வேண்டும். ஜாக்கி சும்மா உட்கார்ந்து வந்தால் 'பிடிச்சு வச்சுட்டான்' என்பான். கிண்டி கேலரியில் நின்றவர்களுக்கு இந்தச் சந்தேகம் பழக்கமானது. ஆனால் பிரிட்டனிலேயே, பயிற்சி ஜாக்கிகளுக்கென்று, சவுக்கால் அடிக்காமல் கையாலும் குதிகாலாலும் மட்டுமே ஓட்டும் பந்தயங்கள் நடக்கின்றன. அவற்றுக்கும் பந்தயம் கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பந்தயங்களையும் சவுக்கு அனுமதித்த பந்தயங்களையும் சேர்த்து 126 பந்தயங்களை ஒப்பிட்டு 2020இல் வந்த ஓர் ஆய்வு, ஓட்ட நேரத்திலோ குதிரை விலகி ஓடுவதிலோ பந்தய அதிகாரிகளான ஸ்டூவர்டுகளின் விசாரணையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் காணவில்லை. அவை சின்னப் பந்தயங்கள், கிங் ஜார்ஜுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் சவுக்கு இல்லாவிட்டால் கட்டுப்பாடே போய்விடும் என்று அடித்துச் சொன்னவர்கள் அந்தச் சின்னப் பந்தயங்களில் என்ன குறை என்று காட்டியாக வேண்டும்.

சவுக்கு வேகம் கூட்டுகிறதா? சிட்னியில் ஐந்து பந்தயங்களை அளந்து ஆய்வாளர்கள் எவன்ஸும் மெக்ரீவியும் 2011இல் எழுதினார்கள்: குதிரைகள் அதிக வேகத்தில் ஓடியது கடைசி 600 மீட்டரிலிருந்து 400 மீட்டர் வரை, சவுக்கு ஓங்காத இடத்தில். அடி விழத் தொடங்கியதே அவை களைத்த பிறகு. ஐந்து பந்தயம் சின்ன மாதிரிதான். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். களைத்த குதிரையை அடிக்காமல் விட்டிருந்தால் இன்னும் மெதுவாகியிருக்கும் என்று எதிர்த் தரப்பு சொல்லலாம். அந்தப் பதிலை இந்த ஆய்வால் மூட முடியாது.

வலி பற்றிய வாதம் இதைவிடத் தெளிவானது. இப்போதைய சவுக்கு நுரைப்பஞ்சு பொதிந்தது, குதிரைத் தோல் தடிப்பானது என்பார்கள். சவுக்கு விழும் இடத்துத் தோலை மனிதத் தோலோடு நுண்ணோக்கியில் ஒப்பிட்ட 2020 ஆய்வில், வலியை உணரும் மேல்தோலில் நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் தடிப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. நரம்பு இருப்பதால் வலி இவ்வளவு என்று அளந்துவிட முடியாது. தடித்தோல் கதை மட்டும் அதோடு முடிந்தது. தவிர, வலிக்கவே இல்லை என்றால் ஆறு என்ற வரம்பு எதற்கு?

பாதுகாப்பு என்ற வாதத்தை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். வேலியை நோக்கி விலகும் குதிரையைத் திருப்ப ஜாக்கியின் கையில் ஏதாவது வேண்டும். ஆனால் பாதுகாப்புக்காக வைத்திருப்பது வேறு, கடைசி ஃபர்லாங்கில் பின்பக்கத்தில் போடுவது வேறு. நார்வே 1982இலேயே ஊக்க அடியைத் தடை செய்தது. ஸ்வீடன் 2022இல் அந்த வழிக்கு வந்தது. நார்வேயில் இருப்பது ஆஸ்லோ அருகே ஓவ்ரெவோல் என்ற ஒரே மைதானம், அஸ்காட்டோடு ஒப்பிடலாமா என்றால், ஒப்பிடக் கூடாதுதான். பணம் பெருகும் இடத்தில் விதியை மீறும் ஆசையும் பெருகும். அதனால் அஸ்காட்டுக்குத்தான் இன்னும் தெளிவான கோடு வேண்டும்.

நம் ஊரிலும் இந்தக் கேள்விக்கு ஒரு வேர் உண்டு. 1974இல் தமிழ்நாடு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது; அதை எதிர்த்த மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் வழக்கு நீண்டு 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்றது. குதிரையின் இனம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் என்று எண்ணித்தான் அதைச் சூதாட்டத்திலிருந்து பிரித்தார்கள். களைத்த குதிரையின் தொடையில் ஏழாவது முறை கை இறங்குவது அந்தத் திறமைப் பட்டியலில் எந்த வரிசையில் வரும்?

ஆக என் தீர்ப்பு: எண்ணிக்கையை 6இலிருந்து 5 ஆக்குவது, நான்கு அடி விளிம்பை மூன்றாக்குவது எல்லாம் அதே கட்டணப் பட்டியலைத் திருத்துவதுதான். விதி மீறிய வெற்றி செல்லாது என்று வைத்தால் ஏழாவது அடியிலேயே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒரு தலை வித்தியாசத்தில் பறக்கும் ஜாக்கி ஆறையும் ஏழையும் எண்ணிக்கொண்டா இருப்பார்? எண்ண வேண்டாத ஒரே எண் பூஜ்யம். சவுக்கு கையில் இருக்கட்டும், திருப்புவதற்கு. ஊக்க அடி போகட்டும். இதனால் சோம்பேறிக் குதிரைகள் சில தோற்கும், சில சொந்தக்காரர்களுக்கு நஷ்டம் வரும், வரட்டும். முதலில் இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயங்களில் தொடங்கலாம். முதல் முறை ஓட வரும் அந்தக் குட்டிகளுக்கு ஓட்டம் என்றால் அடி என்று யாரும் இன்னும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.