இழுத்துச் செல்லும் வீடு

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் பழைய டிராவல் டிரெய்லருக்குள் நுழைந்தால், ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்க்கவே தோன்றும். பலவும் இரட்டை வேலை செய்பவை. சாப்பாட்டு மேசையின் காலைக் கழற்றி, பலகையை இரு இருக்கைகளுக்கும் நடுவே தாழ்த்தி, மெத்தையைப் பரப்பினால் இருவர் படுக்கலாம். இருக்கைக்கு அடியிலும் சாமான் வைக்க இடம் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் கிடையாது, சத்தமும் கிடையாது. கேஸ் சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்க, அந்தச் சூட்டிலிருந்தே குளிர் பிறக்கிறது! 1922-இல் ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் கண்டுபிடித்த முறை இது. உள்ளே திரவம் தன் எடையால்தான் இறங்கி ஓடுகிறது. அதனால் வண்டி சமமாக நிற்க வேண்டும்; சாய்ந்து நின்றால் குளிராது, நாளடைவில் குழாயே அடைத்துக்கொள்ளும்.

விளக்கும் தண்ணீர் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். கழிப்பறைக்குத் தனித் தொட்டி, குளித்த நீருக்கு வேறு தொட்டி.

வாங்குமுன் அலமாரி மூலைகளையும் ஜன்னலுக்குக் கீழ்ச் சுவரையும் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் மழைநீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.