வண்டியை எங்கே நிறுத்தினார்கள்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் ஊருக்குப் பக்கத்தில் போல்டர் மலை இருக்கிறது. 2010 மார்ச் 13 அன்று அங்கே ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டி ஓட்டுபவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர் கூடினார்கள். செங்குத்தான மலைமுகத்தில் யாருடைய வண்டி அதிக உயரம் ஏறித் திரும்புகிறது என்று பார்க்கும் விளையாட்டு அது. ஹை மார்க்கிங் என்பார்கள். ஏறியவர்கள் சிலர், அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தவர்களே மிகுதி. மேலே பனிப்பாளம் உடைந்தது. பனிச்சரிவு வந்து அடங்கிய இடம் அந்தக் கூட்டம் நின்ற இடம். இருவர் இறந்தார்கள், முப்பது பேர் அளவில் காயமடைந்தார்கள். பனிச்சரிவு அபாயம் அதிகம் என்ற எச்சரிக்கை முன்னதாகவே வந்திருந்தது.

இப்படி ஒன்று நடந்தால் பேச்சு உடனே கருவிகளுக்குத் தாவிவிடும். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸீவர் இருந்ததா, காற்றுப்பை விரிந்ததா? கேள்விகளில் தவறில்லை. ஆனால் ஸ்னோமொபைல் ஓட்டுபவரைக் காப்பாற்றுவதில் கருவிக்கு எவ்வளவு பங்கு, மலையைப் படிக்கும் அறிவுக்கு எவ்வளவு, கூட்டத்தின் ஒழுங்குக்கு எவ்வளவு என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

கருவியின் கட்சி வலுவானது. காற்றுப்பையை எடுத்துக்கொள்வோம். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் முந்திரி மேலே வந்து, தூள் அடியில் தங்குமல்லவா, அந்த விதியில்தான் இது இயங்குகிறது. பை விரிந்தவுடன் மனிதரின் பருமன் கூடுகிறது, ஓடும் பனியில் அவர் மேற்பரப்பை நோக்கி வருகிறார். பாஸ்கல் ஹேகெலி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடுமையாகச் சிக்கியவர்களில் மரண விகிதம் பை விரியாதபோது 22 சதவீதம், விரிந்தபோது 11. பாதியாகக் குறைவது சாதாரணம் அல்ல. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அணிந்தவர் கைப்பிடியை இழுக்காதது. உருண்டு புரளும்போது கை எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

இதைவிட முக்கியமான ஒரு வரம்பு உண்டு. பை வேலை செய்ய பனி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மனிதரும் அதோடு கொஞ்சம் தூரம் போக வேண்டும். அடிவாரத்தில் நிற்பவர் மீது பனி வந்து குவிந்து நின்றுவிடுகிறது. அவர் மேலெழ அவகாசமே இல்லை. போல்டர் மலையில் வேடிக்கை பார்த்தவர்கள் நின்றது அப்படிப்பட்ட இடத்தில். விற்பனை விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

டிரான்ஸீவர், துழாவு கம்பி, மண்வாரி மூன்றும் புதைந்தபின் பயன்படுபவை. அவற்றின் எதிரி கடிகாரம். சுவிட்சர்லாந்துத் தரவுகளைக் கொண்டு 1994இல் வெளியான கணக்கு, 15 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் பிழைத்ததாகவும் 35 நிமிடத்தில் அது 30 சதவீதமாக விழுவதாகவும் காட்டியது. கனடாவில் அந்த வீழ்ச்சி இன்னும் சீக்கிரம், பத்து நிமிடத்திலேயே தொடங்குவதாக 2011இல் தெரியவந்தது. அங்கே இறப்பவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் மூச்சடைத்தல்ல, மரத்திலும் பாறையிலும் மோதி அடிபட்டே இறக்கிறார்கள். அவர்களுக்கு எந்த டிரான்ஸீவரும் உதவாது. (சியாச்சினில் 2016 பிப்ரவரியில் பனிச்சரிவில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர் ஒருவர் ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டது நமக்கு நினைவிருக்கலாம். இடிந்த கூடாரத்துக்குள் காற்று இருந்ததால் நேர்ந்த அதிசயம் அது. அவரும் சில நாளில் காலமானார். அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.)

அடுத்தது மலையைப் படிப்பது. அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து நாள்தோறும் அறிவிக்கிறார்கள்; பாளம் உடையும் சாய்வுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை என்பதும் பாலபாடம். 30 டிகிரிக்குக் கீழே, மேலே செங்குத்தான முகம் ஏதும் தொங்காத இடத்தில் ஓட்டினால் ஆபத்து அநேகமாகத் தீர்ந்தது. கொள்கையளவில் இதற்கு மிஞ்சிய பாதுகாப்பு இல்லை. நடைமுறையில்தான் சிக்கல். இந்தப் பாடம் பனிச்சறுக்குக்காரர்களின் அனுபவத்தில் விளைந்தது. பனிச்சறுக்குக்காரர் மெதுவாக ஏறுகிறார், ஒரு நாளில் ஓரிரு சாய்வுகளைத்தான் தொடுகிறார், காலடியில் பனி ‘வும்ப்’ என்று அமுங்கும் ஓசையைக் கேட்கிறார். ஸ்னோமொபைல்காரர் ஒரே பகலில் எத்தனையோ சாய்வுகளைக் கடக்கிறார். எஞ்சின் இரைச்சலில் மலையின் எச்சரிக்கை எதுவும் காதில் விழுவதில்லை. இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியோடு கீழிருந்து மேலே ஏறுகிறார். எனவே உடையும் பாளம் பெரும்பாலும் அவர் தலைக்கு மேல் இருக்கிறது. விவரம் தெரிந்த நல்ல ஓட்டுநர்கூட, ஒவ்வொரு முறையும் சரியாக முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்.

தவிர, முடிவைக் கெடுப்பது அறியாமை மட்டும் அல்ல. இயன் மெக்காமன் அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளை ஆராய்ந்து 2004இல் சொன்னது இது: பழகிய இடம், பிறர் பார்வை, முன்னே போனவரின் தடம் போன்றவை பயிற்சி பெற்றவர்களையும் சறுக்க வைக்கின்றன. தடங்கள் நிறைந்த சாய்வு பத்திரமானது என்று மனம் சொல்லும். பாளத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் பலவீன அடுக்குக்கு அந்தத் தடங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருபதாவது வண்டி, பாளம் மெல்லியதாக உள்ள இடத்தைத் தொட்டால் அப்போது உடையும்.

மிச்சம் இருப்பது ஒழுங்கு. ஒரு நேரத்தில் சாய்வில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பனி வந்து அடங்கும் எல்லைக்கு வெளியே, வண்டியின் மூக்கைத் தப்பிக்கும் திசையில் திருப்பி, சாய்வைப் பார்த்தபடி. மேலே ஒருவர் சிக்கிக்கொண்டால் உதவிக்கு இன்னொருவர் வண்டியில் ஏறிப்போகக் கூடாது. மண்வாரியும் கம்பியும் முதுகில். வண்டியில் வைத்தால் அது தனியே புரண்டு போய்விடும். காசு செலவில்லாத விதிகள் என்பதால்தானோ என்னவோ மதிப்பு குறைவு.

அலாஸ்காவின் டர்னகெய்ன் கணவாயில் 1999 மார்ச்சில் ஆறு பேர் இறந்தார்கள், ஹை மார்க்கிங் நடந்துகொண்டிருந்த மலைமுகத்தில். ஒரு சரிவு ஒருவரைக் கொல்வதற்கும் ஆறு பேரைக் கொல்வதற்கும் இடையிலான வித்தியாசத்தைப் பனி தீர்மானிப்பதில்லை. அதன் பாதையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

எதிர்வாதங்களும் உள்ளன. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் சிக்கிய வண்டி சீக்கிரம் விடுபடும், சாய்வில் இருக்கும் நேரம் குறையும் என்பது ஒன்று. மறுக்க முடியாது, ஆனால் அது ஒருவரின் நேரத்தைக் குறைத்து இன்னோர் உயிரைப் பணயம் வைக்கிறது, கொடுக்கல் வாங்கலில் நட்டம். எல்லை எதுவென்று கண்ணளவில் மதிப்பிடுவது எளிதல்ல என்பது இரண்டாவது. இது கனமான வாதம். அடுக்கு மோசமாக இருக்கும் காலத்தில், சமதரையில் நின்றபடியே மேலே உள்ள பாளத்தை உடைத்துவிடலாம். பெரிய சரிவு எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் ஓடும். அத்தகைய நாளில் ஒழுங்கு போதாது, செங்குத்தான மலைமுகத்தின் பக்கமே போகக் கூடாது.

என் தீர்ப்பு இதுதான். டிரான்ஸீவரும் மண்வாரியும் இல்லாமல் மலைக்குப் போவது பேச்சுக்கே இடமில்லாதது, ஆனாலும் வரிசையில் அவற்றுக்கு மூன்றாம் இடம்தான். காற்றுப்பையும் நல்ல முதலீடு, ஆனால் நான்காவது இடத்தில். மலையைப் படிப்பது முதலிடத்துக்குரியது. ஸ்னோமொபைலில் அது தவறும் வாய்ப்பு அதிகம் என்பதால், தவறும் நாளில் சாவுக் கணக்கை ஒன்றோடு நிறுத்தும் ஒழுங்குக்கு இரண்டாம் இடம். இன்று பணமும் பேச்சும் நேர்மாறான வரிசையில் போகின்றன.

இந்தத் தீர்ப்பு எட்டாத ஓர் இடம் உண்டு. 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி ஊருக்கு அருகே ஹார்வி கணவாயில் ஸ்னோமொபைல்காரர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். முதல் சரிவு ஏழு பேரைப் புதைத்தது. மற்ற நால்வர் தோண்ட ஓடினார்கள். இரண்டாவது சரிவு அவர்கள் மீதும் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். தப்பிய மூவரும் மூன்றாவதற்கு அஞ்சி, மற்றவர்களை விட்டுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஏழு பேர் ஒரே சரிவின் பாதையில் இருந்ததைப் பற்றிப் பேசலாம், பேச வேண்டும். நண்பர்கள் புதைந்த இடத்துக்கு மேலே இன்னும் எவ்வளவு பனி தொங்குகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஓடியிருக்க வேண்டும் என்று அந்த நால்வரிடம் சொல்லும் விதியும் புத்தகத்தில் இருக்கிறது. பத்து நிமிடக் கடிகாரமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.